காற்றாலையும் கல்விச்சாலையும்

முன்னுரை

வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்று வரும் திசையறிந்து பெயரிட்ட மொழி நம் மொழி. புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார், காற்றை ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்தியோரின் மரபில் வந்தவன் எனக் கரிகாலனை விளிக்கின்றார். திருக்குர்ஆனும் காற்றின் இயக்கத்தைச் சிந்திப்போர்க்குரிய இறைச் சான்றுகளுள் ஒன்றாகப் பல இடங்களில் எடுத்துரைக்கின்றது. ஆயினும் காற்றைப் பாடுதல் வேறு. அதனைப் பணிகொள்ளுதல் வேறு. பணிகொள்ளும் கலையை ஒருவர் மற்றொருவர்க்குக் கற்பித்தல் அவ்விரண்டினும் வேறு. இம்மூன்றாவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

மின்கம்பி எட்டாத சிற்றூர்களுக்கென்று சிறு காற்றாலைகளைத் தம் கைகளாலேயே செய்து நிறுவுமாறு பல்கலைக்கழக மாணவர்களைப் பயிற்றுவிக்கும் முயற்சி உலகின் பல நாடுகளில் நடந்து வந்துள்ளது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் நாம் அண்ணாந்து பார்க்கும் பேருருவக் காற்றாலைகள் வேறு. அவை பொது மின்தொகுப்புக்கு மின்சாரம் வழங்குவன. ஈண்டு நாம் கருதுவன இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை விசிறி விட்டமுடைய, ஒரு வீட்டுக்கோ பள்ளிக்கோ மருத்துவ நிலையத்துக்கோ விளக்கேற்றும் சிறு எந்திரங்கள்.

தமிழ்த்துறை மலரில் எந்திரத்துக்கு என்ன இடம் எனச் சிலர் வினவலாம். எந்திரத்தினும் அதனைக் கற்பிக்கும் முறையே நம் கருத்தைக் கவர்கின்றது. கற்பித்தலோ மொழியின் துணையின்றி நிகழாதது.

சீஸ்தான் தந்த பாடம்

காற்றாலையின் வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் தொன்மையான தெளிந்த சான்றுகள் பாரசீக நிலத்துக்குரியன. இன்றைய ஈரானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கும் சீஸ்தான் பகுதியில் காற்றாலைகள் இயங்கியதைப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்-மஸ்ஊதீ, அல்-இஸ்தக்ரீ ஆகிய முஸ்லிம் அறிஞர்கள் குறித்துள்ளனர். கோடைக்காலத்தில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் விடாது வீசுவதால் அப்பகுதிக் காற்றுக்கு ‘நூற்றிருபது நாள் காற்று’ என்றே பெயர். நிமிர்ந்து நிற்கும் அச்சைச் சுற்றிப் பலகைகளைப் பொருத்தி, ஒரு பாதியைச் சுவரால் மறைத்து, மறுபாதியில் மட்டும் காற்றுப் படுமாறு அமைத்து, தானியம் அரைக்கவும் நீர் இறைக்கவும் அவற்றை அம்மக்கள் பயன்படுத்தினர்.

இவ்வகை ஆலைகள் ஈரானின் குராசான் பகுதியிலுள்ள நஷ்தீஃபான் என்னும் ஊரில் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் காத்துவந்த முதியவர் ஒருவர், தமக்குப்பின் இத்தொழிலைக் கற்க இளைஞர் எவரும் முன்வரவில்லை என வருந்தியது 2010களில் உலகச் செய்தியாயிற்று. ஆலை கல்லும் மரமும் கொண்டு நிற்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது கற்றவரின் கையில் நிற்கின்றது. இக்கருத்தை நெஞ்சிற்கொண்டு மேற்செல்வோம்.

ஆஸ்கோவ் ஆசிரியர்

காற்றிலிருந்து மின்சாரம் எடுத்துச் சிற்றூர்களுக்கு வழங்குவதையும், அதற்கென இளைஞரைப் பயிற்றுவிப்பதையும் ஒன்றாக இணைத்த முன்னோடி டென்மார்க் நாட்டு ஆசிரியர் போல் லா கூர் என்பவர். 1846இல் பிறந்து, வானிலை ஆய்வுத் துறையில் பணியாற்றிய இவர், 1878இல் ஆஸ்கோவ் என்னும் ஊரிலிருந்த நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தோன்றிய கல்விச்சாலை அது. நகரங்கள் மின்னொளி பெற்று வளர, நாட்டுப்புறங்கள் இருளில் பின்தங்குவதைக் கண்டு வருந்திய லா கூர், 1891இல் அரசின் பொருளுதவியுடன் பள்ளியிலேயே ஆய்வுக் காற்றாலை ஒன்றை நிறுவினார்.

காற்று நின்றால் ஒளியும் நிற்குமன்றோ? அதற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. காற்றாலை தந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து, அதில் கிடைத்த ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்து, அதனைக் கொண்டு பள்ளியின் விளக்குகளைச் சில ஆண்டுகள் எரித்தார். பின்னர் மின்கலங்களுக்கு மாறினார். விசிறியின் வடிவத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்து, மின்சாரம் எடுப்பதற்குப் பல இதழ்களோடு மெல்லச் சுழலும் விசிறியைவிடச் சில இதழ்களோடு விரைந்து சுழலும் விசிறியே ஏற்றது எனக் கண்டார்.

அவரது பெரும்பணி 1903, 1904ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. காற்று மின்சாரத்தைப் பரப்புவதற்கென 1903இல் சங்கம் ஒன்று தோன்றியது. 1904இல் நாட்டுப்புற மின்பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பு தொடங்கியது. சிற்றூர் இளைஞர்கள் வந்து கற்று, தத்தம் பகுதிக்குத் திரும்பி மின்நிலையங்களை அமைத்தனர். லா கூர் 1908இல் மறைந்தார். ஆயினும் 1918 அளவில் ஏறத்தாழ 120 ஊர்ப்புற மின்நிலையங்கள் காற்றாலையைப் பயன்படுத்தின. எந்திரத்தை மட்டும் அனுப்பாது, அதனை அறிந்த மனிதரையும் அனுப்பியதன் பயன் அது.

முதல் வகுப்பில் பயின்றோருள் யோஹானஸ் யூல் என்னும் இளைஞரும் ஒருவர். 53 ஆண்டுகள் கழித்து, 1957இல், கெட்ஸர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் ஆற்றலுடைய மூவிதழ்க் காற்றாலையை நிறுவியவர் இவரே. இன்று நாம் காணும் மூவிதழ்க் காற்றாலைகளுக்கு அது முன்னோடி எனக் கருதப்படுகின்றது. ஆசிரியர் விதைத்த விதை எங்கே, எப்போது முளைக்கும் என்பதை யாரால் கணிக்க இயலும்?

ஸ்கோரைக் அடுக்களையிலிருந்து உலகுக்கு

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கோரைக் என்றொரு தீபகற்பம் உண்டு. சாலை வழியே அங்குச் செல்ல இயலாது. படகிலோ நடந்தோ செல்லவேண்டும். பொது மின்தொகுப்பும் அங்கு இல்லை. 1970களில் அங்குக் குடியேறிய ஹியூ பிகட் என்பவர், தம் வீட்டு விளக்குக்காகக் கழிவுப் பொருள்களைக் கொண்டு காற்றாலை செய்யத் தொடங்கினார். பழைய வண்டியின் சக்கரக் குடமும் பிரேக் உருளையும் அவர் கையில் மின்னாக்கியாயின. அண்டை வீட்டாரும் கேட்கவே, அவர்களுக்கும் செய்துகொடுத்தார். பழுதானால் கதவைத் தட்டுவதற்குச் செய்தவரே பக்கத்தில் இருந்தமையால், எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதை ஒவ்வொரு குளிர்காலப் புயலும் அவருக்குக் கற்பித்தது.

அவ்வறிவை அவர் பூட்டி வைக்கவில்லை. 1997இல் காற்றாலைப் பட்டறை பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர், சமையற் குறிப்பைப் போல அளவும் முறையும் கூறும் செய்முறைக் கையேடுகளையும் எழுதினார். 2000ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தைச் சேர்ந்த தொண்டு நிறுவனம் ஒன்று பெரு, இலங்கை ஆகிய நாடுகளின் சிற்றூர்களுக்காக மேற்கொண்ட திட்டத்துக்குச் சிறு மின்னாக்கிக் கையேடு ஒன்றை ஆக்கித் தந்தவரும் இவரே. நம் அண்மையில் ஆரோவில்லிலும் இவரது வடிவமைப்பைத் தழுவிய காற்றாலைகள் செய்யப்பட்டுள்ளன. ஏதென்ஸ் நகரத் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் இவ்வடிவமைப்பைத் தம் கையால் செய்து, அளந்து, ஆராய்ந்து பட்ட ஆய்வேடுகள் எழுதியுள்ளனர். இத்தகைய குழுக்கள் தம்முள் கூடி 2011இல் ஓர் உலக அமைப்பையும் ஏற்படுத்திக் கொண்டன.

மாணவர் கற்கும் கைத்தொழில்

இவ்வகைப் பயிற்சி பெரும்பாலும் ஒரு வாரப் பட்டறையாக நடைபெறும். மாணவர்கள் மரவேலை, இரும்புவேலை, மின்வேலை என மூன்று பிரிவாகப் பிரிந்து, பின் இடம் மாறி மூன்றையும் பயில்வர்.

மரவேலையில் விசிறியின் மூன்று இதழ்களும் செதுக்கப்படுகின்றன. முடிச்சில்லாத பலகையைத் தேர்ந்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியாலும் இழைப்புளியாலும் சீவி, அடியில் அகலமும் சாய்வும் மிக்கதாகவும் நுனியில் ஒடுங்கித் தட்டையானதாகவும் ஆக்குவர். மூன்று இதழ்களும் எடையில் ஒத்திருத்தல் வேண்டும். சிறிது மிகினும் குறையினும் கோபுரம் முழுவதும் நடுங்கும். பொறியியல் நூலில் ‘சமநிலை’ என்று படித்த சொல்லின் பொருள் அப்போதுதான் மாணவனுக்குக் கைவழியே விளங்குகின்றது.

மின்வேலையில், இனாமல் பூசிய செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிச் சுருள்கள் ஆக்குவர். அச்சுருள்களை வட்டமாக அடுக்கி, ஒட்டுப்பலகையாலான அச்சில் வைத்து, ரெசின் ஊற்றி இறுகச் செய்வர். அவ்வட்டு அசையாது நிற்க, அதன் இருபுறமும் காந்தங்கள் பதித்த இரண்டு இரும்புத் தட்டுகள் விசிறியோடு சேர்ந்து சுழலும். ஒவ்வொரு தட்டிலும் 12 காந்தங்கள் எனில் நடுவில் 9 சுருள்கள் என்பது வழக்கமான அமைப்புகளுள் ஒன்று. பல்சக்கரப் பெட்டி வேண்டாத எளிமையே இதன் சிறப்பு. காந்தங்களோ நியோடிமியம் கலந்த வலிமை மிக்கவை. கவனமின்றி இரு தட்டுகளையும் அருகே கொணர்ந்தால் இடையில் அகப்பட்ட விரல் நசுங்கும். ஆதலின் திருகாணிகளைக் கொண்டு சிறிது சிறிதாக அவற்றை இறக்குவர்.

இரும்புவேலையில் நுட்பம் மிக்கது வால். இளங்காற்றில் அது விசிறியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்துகின்றது. புயற்காற்றில் நடப்பது வேறு. விசிறி கோபுரத்தின் நடு அச்சிலிருந்து சற்றே விலகிப் பொருத்தப்பட்டிருப்பதால், காற்றின் தள்ளுதல் மிகும்போது அது பக்கவாட்டில் திரும்பிக் கொள்ளும். சாய்வான கீலில் தொங்கும் வால், அப்போது தன் எடையை எதிர்த்து மேலே மடங்கும். காற்றுத் தணிந்ததும் தானே இறங்கி, விசிறியை மீண்டும் நேராக்கும். கணிப்பொறியும் உணர்கருவியும் இல்லை. வலியார்முன் ஒதுங்கிக் கொள்ளும் அறிவு ஓர் இரும்புக் கீலிலேயே அடங்கியுள்ளது.

இவற்றோடு மின்கலம், மின்னேற்றக் கட்டுப்படுத்தி, மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் கம்பிச் சுருள் ஆகியனவும் வேண்டும். மின்கலம் நிறைந்தபின் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லையேல் கலம் கெடும். சுமையே இன்றி விட்டால் விசிறி கட்டுமீறிச் சுழலும். விசிறியை நிறுத்த வேண்டின், மின்னாக்கியின் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் நிறுத்து விசையை, காற்றுத் தணிந்த வேளையில் இயக்குதல் வேண்டும். கோபுரமோ இழுகம்பிகளால் கட்டப்பட்டு, பழுது பார்ப்பதற்காகச் சாய்த்து இறக்கத் தக்கதாய் இருக்கும்.

காற்றின் கணக்கு

கைவேலையோடு கணக்கும் கற்பிக்கப்படுகின்றது. காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும் என்பது அடிப்படை விதி. 2.4 மீட்டர் விட்டமுடைய விசிறி ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர்ப் பரப்பைத் தழுவுகின்றது. நொடிக்கு 5 மீட்டர் விரைவில் காற்று வீசினால் அப்பரப்பினூடே செல்லும் ஆற்றல் ஏறத்தாழ 340 வாட். 10 மீட்டர் விரைவில் ஏறத்தாழ 2700 வாட். இதில் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்த விசிறியாலும் எடுக்க இயலாது என்பது ஜெர்மானிய அறிஞர் பெட்ஸ் நிறுவிய வரம்பு. கையால் செய்த எந்திரத்தில் நடைமுறையில் கிட்டுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதாவது 5 மீட்டர் விரைவில் சுமார் 85 வாட். 10 மீட்டர் விரைவில் 700 வாட்டை ஒட்டி.

85 வாட் என்பது அற்பமாகத் தோன்றலாம். அது ஒரு நாள் முழுவதும் கிடைப்பின் இரண்டு யூனிட் மின்சாரமாகும். நான்கைந்து விளக்குகளுக்கும் ஒரு வானொலிக்கும் கைபேசிகளுக்கும் அது போதும். சிக்கனமாகப் பயன்படுத்தினால் மருத்துவ நிலையத்தில் தடுப்பு மருந்து வைக்கும் சிறு குளிர்பெட்டிக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் கோபுரத்தை மரங்களின் நிழலிலோ கூரைகளின் மறைவிலோ நட்டால் விரைவு பாதியாகும். ஆற்றல் எட்டில் ஒன்றாகும். சுற்றுவட்டம் நூறு மீட்டருக்குள் உள்ள எதனினும் பத்து மீட்டர் உயரமாக விசிறி நிற்கவேண்டும் என்னும் விதி இதனாலேயே வகுக்கப்பட்டது.

நின்றுபோன விசிறிகள்

நிறுவிய நாளில் விசிறி சுழல்வதைக் கண்டு அனைவரும் கைதட்டுவர், புகைப்படமும் எடுப்பர். அதன்பின் நிகழ்வது யாது? இதுவே இத்துறையின் கடினமான வினா. மாணவர் தேர்வெழுதிப் பட்டம் பெற்று வெளியேறுவர். பேரிங் தேயும், இதழின் விளிம்பு மணலால் அரிக்கப்படும், உப்புக் காற்றில் காந்தங்கள் துருவேறும், ஒருநாள் புயலில் வால் கழன்று விழும். ஊரில் எவர்க்கும் அதன் உட்பொருள் தெரியாதெனில், சில நூறு ரூபாயில் முடியும் பழுது அந்த எந்திரத்தின் இறுதி நாளாகும்.

மத்திய அமெரிக்காவின் நிகராகுவா நாட்டில் நடந்தது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்நாட்டின் கரீபியக் கடற்கரையில் புளூஃபீல்ட்ஸ் நகரைத் தளமாகக் கொண்டு, 2004 முதல் ஒரு தொண்டு நிறுவனம் பிகட்டின் வடிவமைப்பில் காற்றாலைகளை உள்ளூரிலேயே செய்து நிறுவியது. தொண்டர்களும் உள்ளூர் இளைஞர்களும் ஊக்கத்துடன் உழைத்தனர். எனினும் அப்பகுதியில் காற்று எதிர்பார்த்த அளவு வலிதாயில்லை. ஈரமும் உப்பும் எந்திரங்களை அரித்தன. படகில் சென்று பழுது நீக்கும் செலவு மிகுந்தது. இறுதியில் அந்நிறுவனம் காற்றாலையை விடுத்துச் சூரிய ஒளித் தகடுகளை நாடியது. தன் பட்டறிவை மறைக்காது பிறரும் அறியச் செய்த அதன் நேர்மை போற்றுதற்குரியது.

மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. 2010க்குப் பிந்திய பத்தாண்டுகளில் சூரியத் தகடுகளின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அசையும் உறுப்பற்ற தகட்டைத் துடைத்து வைத்தாலே போதும். அங்ஙனமாயின் சிறு காற்றாலைக்கு இனி வேலையில்லையா? உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஸ்கோரைக்கில் குளிர்காலப் பகல் ஆறேழு மணி நேரமே. அப்போதுதான் காற்று மிகும். மேகம் மூடிய மலைகளிலும், இரவெல்லாம் காற்று வீசும் கரைகளிலும் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும். ஆகவே, காற்றாலை செய்யக் கற்கும் மாணவன், காற்றை முதலில் அளக்கவும், போதாத இடத்தில் ‘இங்குக் காற்றாலை வேண்டா’ என்று சொல்லவும் கற்றாக வேண்டும். அவ்வாறு சொல்ல வராத பயிற்சி, மாணவனுக்கு மதிப்பெண்ணையும் ஊருக்கு இரும்புக் கழிவையும் தருவதாகவே முடியும்.

யாருக்குப் பயிற்சி?

பெரு நாட்டின் கஹமார்க்கா மலைப்பகுதியில் எல் அலும்ப்ரே என்றொரு ஊர். 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு வீட்டுக்கொன்றாக 100 வாட் அளவிலான சிறு காற்றாலைகள் நிறுவப்பட்டன. நிறுவியோர் ஊரிலிருந்தே ஆள் தேர்ந்து பராமரிப்புப் பயிற்சி அளித்தனர். வீட்டார் செலுத்தும் மாதக் கட்டணம் பராமரிப்புக்குப் பயன்படுமாறு ஏற்பாடு செய்தனர். இதனால், பழுது நேர்ந்தால் நகரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை குறைந்தது. பெருவின் கடற்கரை நகரமான துருயியோவைத் தளமாகக் கொண்டு இயங்கிய மற்றொரு நிறுவனம், பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களை வரவழைத்து, சில வாரங்கள் பட்டறையில் காற்றாலை செய்யப் பயிற்றி, இறுதியில் மின்சாரமற்ற மீனவச் சிற்றூருக்கு அழைத்துச் சென்று அவர்கள் கையாலேயே நிறுவச் செய்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? பல்கலைக்கழக மாணவரின் பயிற்சி அவர் கற்றதோடு முடிவதன்று. அவர் கற்பித்ததோடுதான் நிறைவுறுகின்றது. ஊரார் இருவரேனும் பட்டறையில் உடனிருந்து, ஒரு சுருளையாவது தம் கையால் சுற்றி, ஓர் இதழையாவது தாமே செதுக்கியிருத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை கோபுரத்தைச் சாய்த்து, கிரீஸ் இட்டு, முடுக்கிகளை இறுக்கி, இதழுக்கு எண்ணெய் பூசும் வழக்கம் ஊரின் வழக்கமாக வேண்டும். விளக்கின் பயனைப் பெரிதும் நுகர்பவர் இல்லத்துப் பெண்டிர் ஆதலின், அவர்களை விலக்கிய பயிற்சி பாதிப் பயிற்சியே.

இவ்விடத்தில்தான் மொழி முன்வந்து நிற்கின்றது. பிகட்டின் கையேடு பிரெஞ்சு முதலிய மொழிகளில் ஆக்கப்பட்ட பின்னரே அம்மொழி பேசும் நிலங்களில் அவரது முறை வேரூன்றியது. நள்ளிரவுப் புயலில் கோபுரத்தடியில் கைவிளக்குடன் நிற்கும் உழவர், நிறுத்து விசை எது என அயல்மொழிக் கையேட்டில் தேடிக்கொண்டிருக்க இயலாது. இதழ், குடம், கீல், வால், சுருள் என்னும் சொற்கள் நம் தச்சரிடமும் கொல்லரிடமும் முன்பே உள்ளன. அவற்றைத் தொகுத்துத் தெளிந்த நடையில் செய்முறை நூல்கள் எழுதுவது பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி. இலக்கணம் கற்றவனுக்கு, பொருள் மயங்காது ஒரு கட்டளையை எழுதுவதைவிட வேறு நல்ல தேர்வு ஏது?

முடிவுரை

மறைந்தபின்னும் தொடரும் நற்செயல்களுள் ஒன்றாக, பயன்தரும் கல்வியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். லா கூரின் முதல் ஆய்வுக் காற்றாலை எழுந்து நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. அவரது மாணவரின் கைத்திறனோ உலகெங்கும் மூவிதழாய்ச் சுழல்கின்றது. சீஸ்தானின் ஆலைகளை இயக்கியவரின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் ஒருவர்க்கொருவர் கற்பித்தமையால் அன்றோ அவை ஆயிரம் ஆண்டு கடந்து வந்தன!

சிற்றூர்க்குச் செல்லும் மாணவரை நாம் ஒரே அளவுகோலால் அளக்கலாம். அவர் நிறுவிய நாளில் விசிறி சுழன்றதா என்பதன்று கேள்வி. அவர் ஊரைவிட்டு வந்து ஐந்தாண்டு கழிந்தபின், முதன்முறை உடைந்த இதழை அவ்வூரார் தாமே செதுக்கிப் பொருத்தினரா என்பதே கேள்வி. ஆம் என விடை வருமாயின், அங்கு நிறுவப்பட்டது காற்றாலை மட்டுமன்று, ஒரு கல்விச்சாலையும்தான்.